மூடியில்லாத தொட்டி: வற்றுவது தண்ணீர், தங்குவது உப்பு

மீன் தொட்டியை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி “மீன் குதித்துவிடாதுங்களா?” என்பது. இரண்டாவது கேள்வி வைகாசி பிறந்த பிறகு வரும். “தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறதே, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.” ஒழுகவில்லை. கண்ணாடி ஒட்டிய இடமெல்லாம் காய்ந்துதான் கிடக்கிறது. காற்று கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

மீன் வளர்க்கும் நண்பர்கள் பலரும் இந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உடனே கண்ணாடி மூடி செய்யச் சொல்லிக் கடைக்காரரிடம் அளவு கொடுக்கிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: கொங்கு நாட்டில் தொட்டித் தண்ணீர் ஆவியாவது கெடுதல் இல்லை, அது நமக்குக் கூலியில்லாமல் நடக்கும் வேலை. போன தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், அதற்குப் பதிலாக எதை ஊற்றுகிறோம் என்று பார்த்தால் போதும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது. தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெயில் நேராகப் படாத சுவரோரம், தேக்கு மேசை மேல் இருக்கிறது. மேலே விளிம்புச் சட்டமோ மூடியோ கிடையாது. ஓர் அடி உயரத்தில் எல்.இ.டி. விளக்கு தொங்குகிறது. மணி பிளான்ட் கொடியின் வேர் தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலுமாக ஒரு மூலையில் படர்ந்திருக்கிறது. மூடி போட்ட தொட்டியில் அந்தக் கொடிக்கு இடமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை அதன் வேர் உறிஞ்சிக்கொள்வதால், தண்ணீரும் தெளிவாக நிற்கிறது. மேலிருந்து குனிந்து பார்த்தால் மோலி மீன்களின் முதுகு தெரியும். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் மீன் வேறு, மேலிருந்து பார்க்கும் மீன் வேறு.

இனி காற்றின் கதைக்கு வருகிறேன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, இந்த வாசல் வழியாக நம் பக்கம் பாய்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், பொங்கலூர், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரை ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். திறந்த தொட்டித் தண்ணீர் பறப்பதில் என்ன ஆச்சரியம்?

தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, ஆவியாகும் வேகமும் அவ்வளவு என்று ஜான் டால்டன் 1802-இல் எழுதினார். காற்று வீசினால் அந்த வேகம் இன்னும் கூடும், ஏனென்றால் தண்ணீர்மேல் தேங்கி நிற்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொண்டுவந்து வைக்கிறது. சென்னையில் இருக்கும் நண்பர் தன் தொட்டியில் தண்ணீர் அவ்வளவாக வற்றுவதில்லை என்று சொன்னால் அதில் வியப்பில்லை. அங்கே காற்றே பாதி தண்ணீர். இங்கே காற்று உலர்ந்தது, அதோடு ஓயாமல் வீசுவது. இரண்டும் சேர்ந்தால், காற்று மாதங்களில் எங்கள் தொட்டியில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் மட்டம் இறங்குவது சாதாரணம். மூன்றுக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 4 லிட்டர். ஆக, நாளுக்கு 2 லிட்டர். மணலும் கல்லும் போக உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

போகும்போது அது எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 150 லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி இறக்க எடுக்க வேண்டியது 630 கிலோஜூல் மட்டுமே. நாளுக்கு 2 லிட்டர் போனால், வெளியிலிருந்து புதிய வெப்பம் உள்ளே வராத பட்சத்தில், தொட்டி ஏழு டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். அறையின் சூடு திரும்பத் திரும்ப உள்ளே போவதால் அத்தனை இறங்காது. ஆனாலும் பங்குனி, சித்திரை மத்தியானங்களில் அறையைவிடத் தொட்டி இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்து நிற்பதை வெப்பமானியில் பார்க்கலாம். மண் பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு. 36 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால், ஆவியாதல் மூலம் தண்ணீர் அதிகபட்சமாக 23 டிகிரி வரை இறங்க இடமிருக்கிறது. 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்கரை ஊரில் அந்த எல்லை 30 டிகிரியிலேயே நின்றுவிடும். அவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

சூடு ஏறினால் மீனுக்கு என்ன? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 7.5 மட்டுமே. அதே நேரத்தில் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜனைக் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் அந்த நேரத்தில், மூடியைப் போட்டு, விளக்கின் சூட்டையும் மோட்டாரின் சூட்டையும் உள்ளேயே அடைத்தால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். கரூரிலும் ஈரோட்டிலும் வெயில் 40-ஐ நெருங்கும் நாட்களில் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு சிறிய மின்விசிறியைச் சாய்வாகத் தண்ணீர்மேல் வீசவிடுவதைவிட மலிவான மருந்து வேறு கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு விசிறியே போதும். தண்ணீர்மேல் மெல்லிய சுருக்கம் விழ வேண்டும், அலை அடிக்கக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கட்டும்.

ஆனால் இறங்கிய தண்ணீரில் உப்பு போகாது. இங்கேதான் நிறைய தொட்டிகள் சத்தமில்லாமல் கெடுகின்றன.

ஆவியாகப் போவது சுத்தமான தண்ணீர் மட்டும். கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் என்று அதில் கரைந்திருந்தவை எல்லாம் மீதித் தண்ணீரில் தங்கிவிடும். அந்த இடத்தை மீண்டும் உப்புத் தண்ணீரால் நிரப்பினால், பழைய உப்போடு புதிய உப்பும் சேரும். கொங்கு நாட்டு வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் வருவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். துவைக்க, குளிக்க, வாசல் தெளிக்க. இன்னொன்றில் சில நாளுக்கு ஒரு முறை வருவது நல்ல தண்ணீர். கோவை நகரத்தின் ஒரு பகுதிக்குச் சிறுவாணி, மற்ற ஊர்களுக்குப் பவானியின் பில்லூர்த் தண்ணீரோ, காவிரியோ, ஆழியாறோ. மலையிலிருந்து வரும் சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணற்றிலோ ஒரு லிட்டரில் 800, 1,000 மில்லிகிராம் என்று, கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சர்வ சாதாரணமாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரக் கட்டளை 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

திருப்பூரில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் போனில் பேசினார். “மாப்பிள்ளை, கடையில் வாங்கிவரும் மீன் எதுவும் ரெண்டு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. பழைய மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் நோய் பிடித்த மீனைக் கொடுக்கிறாரோ என்னவோ.” நான் போனபோது தொட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. வடிகட்டி ஓடுகிறது, பழைய கப்பி மீன்கள் சுறுசுறுப்பாகத் திரிகின்றன. ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. நகத்தால் சுரண்டினேன், பொறுபொறுவென்று மாவாக உதிர்ந்தது. அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டபோது நுரைத்தது. சுண்ணாம்புதான். மீட்டரைக் குழாயில் வைத்தால் 900-க்குப் பக்கம். தொட்டியில் வைத்தால் 2,200-ஐத் தாண்டிவிட்டது.

“தண்ணீர் மாற்றுகிறீர்களா மச்சான்?”

“தினமும் ரெண்டு செம்பு ஊற்றிக்கொண்டேதானே இருக்கிறேன்!”

ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வற்றி, அதை 900 உள்ள தண்ணீரால் நிரப்பினால், வாரம் 90 வீதம் உப்பு ஏறும். எதையும் வெளியே எடுக்காவிட்டால் பத்து வாரத்தில் இரண்டு மடங்கு. பழைய மீன்கள் இந்த ஏற்றத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டன. கடையிலிருந்து வந்த மீன் வளர்ந்ததோ உப்புக் குறைந்த தண்ணீரில். ஒரே நாளில் அதைப் பல மடங்கு உப்புள்ள தண்ணீரில் விட்டால் அதன் உடலிலிருந்து உப்பும் நீரும் போய்வரும் ஒழுங்கு குலைந்துவிடும். கடைக்காரர் மேல் பழி போட ஒன்றுமில்லை. மச்சானிடம், ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டாம், அது பழைய மீன்களையும் கொன்றுவிடும், இரண்டு நாளைக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு எடுத்து அதே அளவு ஊற்றி, மெல்ல இறக்குங்கள் என்றேன். அப்படித்தான் செய்தார்.

நொய்யல் கரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கண்முன்னே நடந்திருக்கிறது. சாயப்பட்டறை உப்பைச் சுமந்து வந்த ஆறு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சுற்றியிருந்த கிணறுகளையும் வயல்களையும் கெடுக்கும் உப்புத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயப்பட்டறைகளின் கழிவில்லா சுத்திகரிப்பு முறையும் இதே அடிப்படையில்தான் ஓடுகிறது: சவ்வூடு பரவலில் நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுவதை ஆவியாக்கினால் அடியில் உப்பு நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த ஊரில், வீட்டுக் கூடத்தில் இருக்கும் 150 லிட்டரில் அதையே நடக்கவிடலாமா?

ஒவ்வொரு வாரமும் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்பார்கள். பாதி சரி. வாரம் பத்தில் ஒரு பங்கு வற்றி, அதையும் உப்புத் தண்ணீரால் நிரப்பி, கால் பங்கையும் அதே தண்ணீரால் மாற்றிக்கொண்டே போனால், தொட்டியின் உப்பு ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்கும். நிற்கும் இடம் குழாய்த் தண்ணீரைப்போல் 1.3-இலிருந்து 1.4 மடங்கு. பாதித் தண்ணீரை மாற்றினால் 1.1-இலிருந்து 1.2 மடங்கு. 900 உள்ள குழாயில் 1.4 மடங்கு என்பது 1,260. கப்பி, மோலி, பிளாட்டி தாங்கும். டெட்ரா வகைகளுக்கு அது சரிவராது.

இன்னும் நேரான வழி ஒன்று இருக்கிறது. வற்றியதை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர். மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் போதும், தொட்டியின் உப்பு குழாய்த் தண்ணீரின் உப்பைத் தாண்டவே தாண்டாது. ஆர்.ஓ. தண்ணீரில் தாது எதுவும் இல்லையே, மீனுக்கு ஆகாதே என்று பலர் தயங்குகிறார்கள். முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினால் அந்தப் பயம் நியாயம். வற்றிய இடத்தில் ஊற்றும்போது தாதுவைத் தேட வேண்டியதில்லை. போன தண்ணீரின் தாது முழுவதும் தொட்டிக்குள்ளேயே காத்திருக்கிறது.

உப்பில்லாத தண்ணீர் எங்கே கிடைக்கும்? எனக்கு மிகப் பிடித்தது ஐப்பசி மழை. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் குழாய் மாட்டியதோடு விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாடித் தண்ணீர் மூடிய தொட்டிக்குப் போகிறது. முதல் மழையை விட்டுவிட வேண்டும். கூரையில் கிடக்கும் தூசியும் பறவை எச்சமும் விசைத்தறிப் பஞ்சும் அதில்தான் வரும். இரண்டாவது மூன்றாவது மழையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் மனம் நிறைந்துபோகும். ஆர்.ஓ. எந்திரம் உள்ள வீட்டில் அதையே எடுக்கலாம். ஒன்று மட்டும், பெரும்பாலான வீட்டு எந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகக் கழிவுத் தண்ணீரைத் தள்ளுகின்றன. அந்தக் கழிவை வாளியில் பிடித்துத் தரை துடைக்காமல் சாக்கடையில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இல்லை. ஆனால் அது செம்பு, அலுமினியத் தகடுகளில் வழிந்து வருவது. செம்பு இறால்களுக்கு நஞ்சு. அதை நான் ரோஜாவுக்கு ஊற்றுகிறேன்.

நகராட்சிக் குடிநீரை ஊற்றுபவர்களுக்குக் குளோரின் பற்றிய கவலை உண்டு. 150 லிட்டரில் தினம் 2 லிட்டர் என்பது மிகச் சிறிய பங்கு. அதில் உள்ள குளோரின் கரைந்து காணாமல் போகும். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றும்போதுதான் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தோ, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து ஆற்றுவதோ வேண்டும். இந்த ஆற்றி வைக்கும் வாளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த, அசையாத தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் உள்ள தொட்டியில் புழுவை மீன் தின்றுவிடும். பக்கத்தில் நிற்கும் டிரம்மில் தின்ன ஆள் இல்லை. வாளிக்கும் டிரம்முக்கும் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். சுகாதாரப் பணியாளர்கள் வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

தினமும் ஊற்றுவதே நல்லது. வாரக் கடைசியில் ஒரேயடியாக 15 லிட்டரைக் கவிழ்ப்பதைவிட, காலையில் செடிக்கு ஊற்றும்போதே இதற்கும் 2 லிட்டர் ஊற்றினால் சூடும் உப்பும் திடீரென்று மாறாது. தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், நிரம்பிய மட்டத்துக்கு நேராக ஒரு கோடும் அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் அழியாத மையில் போட்டுவைத்திருக்கிறேன். கீழ்க்கோட்டைத் தாண்ட விடுவதில்லை. தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இது மிக அவசியம். மட்டம் இறங்க இறங்க அருவிச் சத்தம் கூடும். இன்னும் இறங்கினால் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். மோட்டார் தண்ணீரில்லாமல் சுற்றிக் கருகும்.

ஊருக்குப் போக வேண்டிய நாட்களுக்குச் செலவில்லாத வழி எங்கள் ஊர்க் கோழிப் பண்ணையிலேயே இருக்கிறது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த குடுவையைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர் வாய்க்குக் கீழே இறங்கினால் ஒரு குமிழி காற்று உள்ளே போகும், அந்த அளவு தண்ணீர் வெளியே வரும். வாய் மூழ்கியதும் நின்றுவிடும். 5 லிட்டர் கேனை அதேபோல் கவிழ்த்து, அதன் வாய் சரியாக மேல்கோட்டில் நிற்கும்படி மரச்சட்டத்தில் இறுக்கினால் தொட்டி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். கேனில் ஊசித் துளைகூட இருக்கக் கூடாது. வெயில் படும் இடத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தேவையில்லாமல் தண்ணீரைத் தள்ளும். ஏர் கூலரில் இருக்கும் மிதவை வால்வை வாங்கித் தொட்டி விளிம்பில் மாட்டுபவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதை வீட்டு மாடித் தொட்டியோடு நேராக இணைக்க வேண்டாம் என்பேன். வால்வில் ஒரு பாசித் துணுக்கு சிக்கிக்கொண்டால் இரவோடு இரவாகக் கூடம் குளமாகிவிடும். மேலே வைக்கும் கேன் எவ்வளவு பெரியது என்பதற்கு அளவு இதுதான்: அதில் உள்ளது முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கினாலும் தொட்டி வழியக் கூடாது. மட்டம் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருந்தால் 8 லிட்டருக்கு இடமிருக்கிறது. சலைன் குழாயில் சொட்டு விடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அது ஒரே கணக்கில் சொட்டும்.

திறந்த தொட்டிக்குள் மேலிருந்து என்னென்ன விழும் என்பதும் ஊரைப் பொறுத்தது. எங்கள் ஊரில் பஞ்சு. தறிக்கூடத்திலிருந்து வரும் நுண்ணிய நூல் தூசி கண்ணுக்குத் தெரியாமல் வந்து படிந்து, இரண்டு நாளில் தண்ணீர்மேல் ஓர் ஆடை கட்டும். சமையலறை எண்ணெய்ப் புகையும் அதோடு சேர்ந்தால் பளபளவென்று நிறம் காட்டும். அந்த ஆடை ஆக்சிஜன் உள்ளே போவதைக் குறைக்கும். ஒரு செய்தித்தாளைத் தண்ணீர்மேல் படிய விரித்து, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஆடை முழுக்க அதோடு வந்துவிடும். வடிகட்டியின் வெளிவாயை மேற்பரப்பு அசையும்படி திருப்பி வைத்தால் அது கட்டவே கட்டாது. விளக்குக்கு வரும் பூச்சிகளைத் தேடிப் பல்லி வரும். விளக்குக் கம்பியைச் சுவரில் மாட்டாமல் மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டால் பல்லி இறங்கும் பாதை குறையும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கொசு விரட்டி. பிளக்கில் செருகும் திரவத்திலும் சுருளிலும் ஸ்பிரேயிலும் இருப்பவை பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை மருந்துகள். நமக்குத் தலைவலி கூட வராத அளவில் அவை மீனையும் இறாலையும் கொல்லும். மூடியில்லாத தொட்டி இருக்கும் அறையில் அவற்றுக்கு இடமே கிடையாது. சன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பூச்சி மருந்து அடிக்க ஆள் வரும் நாளில் தொட்டியைப் பாலித்தீன் தாளால் மூடி, காற்றுக் குழாய் மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும். அது ஓடினால் அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் இறக்கும். புகை கலைந்த பிறகு மறக்காமல் ஓடவிடுங்கள்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஆட்டம் மாறிவிடும். காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் மட்டம் மெதுவாகத்தான் இறங்கும். கோடையில் ஊற்றியதில் ஒரு பகுதியே போதும். கோடையில் பழகிய கை அப்போதும் தினம் 2 லிட்டர் ஊற்றப் பார்க்கும். கோட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். மார்கழி இரவில் இதே திறந்த மேற்பரப்பு சூட்டை வேகமாக இழக்கும். பொள்ளாச்சி, வால்பாறை அடிவாரங்களில் இருப்பவர்கள் அந்த ஒரு மாதம் இரவில் மட்டும் ஒரு தெர்மாகோல் பலகையைப் பாதி மூடினால் போதும். மழை மாதத்தில் அறைச் சன்னலைச் சாத்தியே வைத்தால், போகும் கொஞ்ச ஆவியும் பிளைவுட் அலமாரியில் பூசணமாக இறங்கும். சன்னலைத் திறந்துவிடுங்கள்.

“குடிக்கிற தண்ணீரைப் போய் மீனுக்கு ஊற்றுகிறாயே, கண்ணு” என்று அம்மா ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற தலைமுறை அவர். அந்தச் சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மழைநீர்த் தொட்டியில் இருப்பு உள்ளவரை குழாய் நல்ல தண்ணீரைத் தொடுவதில்லை. வாரம் எடுக்கும் 40 லிட்டர் பழைய தண்ணீர் கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் போகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ள தண்ணீர். கறிவேப்பிலையின் கரும்பச்சையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளி கேட்டு வாங்கிப் போவார். அந்த வாளித் தண்ணீர் குளத்துப் பக்கமோ ஆற்றுப் பக்கமோ போகக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். தொட்டியில் வளரும் மிதக்கும் செடியின் ஒரு துணுக்கு போதும். வெங்காயத் தாமரை மூடிக் கிடக்கும் கோவைக் குளங்களைப் பார்த்த பிறகு அதை விளக்க வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆம், குதிக்கும், எந்த மீன் என்பதைப் பொறுத்து. நம் ஓடைகளிலும் கிணறுகளிலும் நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு மேற்பரப்பை ஒட்டித் திரியும் பாஞ்சாக்ஸ் பிறவிக் குதிப்பான். கேரளத்து ஆறுகளிலிருந்து வந்த ‘மிஸ் கேரளா’ மீன், ஹாட்செட், பெரிய டேனியோக்கள், விரால் குட்டி, இவற்றை வளர்ப்பவர்கள் மூடி போட்டே ஆக வேண்டும். மோலி, பிளாட்டி, கோரிடோரஸ், செர்ரி பார்ப் போன்றவை உள்ள தொட்டியில், மட்டத்தை விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே வைத்து, மிதக்கும் செடியால் மூன்றில் ஒரு பங்கை மறைத்து, இரவில் விளக்கைச் சட்டென்று போட்டு அணைக்காமல் இருந்தால் குதிப்பது மிக அரிது. மட்டம் அப்படி இறங்கியே இருந்தால் மேலே கவிழ்க்கும் கேனையும் அதற்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆழ்துளைக் கிணற்றைத் தவிர வேறு தண்ணீரே இல்லாத வீடுகளும் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் திறந்த தொட்டி வை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தொட்டியின் நீளத்தில் பாதிக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டி மேலே வைக்கலாம். ஆவியாவது ஏறத்தாழ பாதியாகும், காற்றும் உள்ளே போய்வரும், மணி பிளான்டுக்கும் இடமிருக்கும். சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் மட்டும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு விசிறியை வையுங்கள். அந்த நாட்களில் உப்பு கொஞ்சம் ஏறும். முதல் கோடை மழையில் ஒரு டிரம் பிடித்து வைத்து, அடுத்த சில வாரம் வற்றியதற்கெல்லாம் அதையே ஊற்றினால் ஏற்றம் அத்தோடு நின்றுவிடும், வாரம் மாற்றும் தண்ணீர் மீதியைக் கீழே கொண்டுவந்துவிடும். மீட்டர் சில நூறு ரூபாய்தான். முதல் தேதியில் குழாயில் ஒரு முறை, தொட்டியில் ஒரு முறை வைத்து, காலண்டர் தாளில் இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால், ஊற்றும் தண்ணீரை மாற்ற வேண்டிய மாதம் அது.